1000-மும் 1001-மும் இடம் மாறியபோது

கொழிஞ்சாம்பாறையில் மாமா நடத்தும் டிடிபி கடையில் பொள்ளாச்சிப் பக்கத்துச் சம்பந்தம் என்றால் தமிழில் கல்யாணப் பத்திரிகை, பாலக்காட்டுப் பக்கம் என்றால் மலையாளத்தில். கணினியில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். கேரளப் பள்ளியில் படித்த எனக்கு லினக்ஸ் புதிதல்ல. ஐடி அட் ஸ்கூல் என்று 2001-இல் தொடங்கி, 2017-இல் கைட் என்று பெயர் மாறிய அமைப்பின் புண்ணியம்.

பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்ததால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். மாமா ஒரு பத்திரிகையைத் திறந்து முகூர்த்த நேரத்தைத் திருத்தினார், சேமிக்க முடியவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். "மாப்பிள்ளை, என் கோப்பை எப்போது எழுதி வாங்கினாய்?" என்றார்.

கோப்போடு பதிவாவது பெயரல்ல, எண். உபுண்டுவில் முதலில் உருவாகும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. பழைய கணினியில் மாமா 1000, நான் 1001. புதியதை நிறுவியவன் நான் என்பதால் 1000 எனக்கு வந்துவிட்டது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' கட்டளை பெயரைக் காட்டி ஏமாற்றும். 'எல்எஸ் -என்' எண்ணைக் காட்டும்.

பக்கத்துக் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 777, அதாவது யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி, போடச் சொன்னார். அது பூட்டு சரியில்லை என்று கதவையே கழற்றி வைப்பது. எல்லாக் கோப்புகளையும் மொத்தமாக ஒருவர் பெயருக்கு மாற்றினாலோ, எது யாருடையது என்ற தடயமே போய்விடும்.

உரிமையாளரை மாற்றும் கட்டளை சோன்: சி, ஹெச், ஓ, டபிள்யூ, என். ரூட் எனும் நிர்வாகியின் அதிகாரம் வேண்டும், ஆகவே முன்னால் அதைத் தரும் சூடோ. பெரிய எழுத்து 'ஆர்' சேர்த்தால் உள்ளடைவுகள் (ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபோல்டர்கள்) வரை போகும். பலர் கவனிக்காத தேர்வு 'ஃப்ரம்': இப்போதைய உரிமையாளர் இந்த எண்ணாக இருந்தால் மட்டும் மாற்று என்று பொருள். ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் அதனால் தப்பிக்கும்.

ஆனால் 1000-ஐ நேராக 1001 ஆக்கினால், ஏற்கெனவே 1001 ஆக இருந்தவற்றோடு அவையும் கலந்துவிடும்; பிறகு பிரிக்க வழியில்லை. நடுவில் மூன்றாவது எண் தேவை. 5000 யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்று பார்த்துக்கொண்டு, டிஸ்க் இருந்த 'பழையது' என்ற அடைவின் மேல் வரிசையாக ஓட்டினேன்:

சூடோ சோன் -ஆர் --ஃப்ரம்=1000 5000 பழையது
சூடோ சோன் -ஆர் --ஃப்ரம்=1001 1000 பழையது
சூடோ சோன் -ஆர் --ஃப்ரம்=5000 1001 பழையது

கோப்போடு உரிமையாளர் எண் போலவே பயனர் குழுவின் எண்ணும் பதிவாகும்; அந்தக் குழு எண்களும் அதே போல் இடம் மாறியிருந்தன. எண்ணுக்கு முன்னால் முக்காற்புள்ளி வைத்தால் குழுவை மட்டும் தொடும்: '--ஃப்ரம்=:1000 :5000' என்று இன்னொரு முறை மூன்று வரிகள். கடைசியில் 'ஃபைண்ட் பழையது -யூஐடி 5000' என்று (யூஐடி என்பது பயனர் எண்) தேடினேன், ஒன்றும் வரவில்லை. குழுவுக்கு 'ஜிஐடி' போட்டும் அப்படியே. நடுவழியில் எதுவும் தங்கவில்லை என்று அர்த்தம்.

என்டர் தட்டுமுன் பாதையை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். எல்லா அடைவுகளுக்கும் மேலான மூல அடைவை அழிக்கச் சொன்னால், அழிக்கும் கட்டளையான ஆர்எம் மறுக்கும். அதன் உரிமையாளரை மாற்றச் சொன்னால் சோன் இயல்பாக மறுக்காது. சூடோ நிரலின் உரிமையாளரே ரூட் அல்லாதவராகிவிட்டால் சூடோவும் ஓடாது, திருத்தவும் கை இருக்காது.

மாமா உடனே தன் பென் டிரைவையும் நீட்டினார். அதில் இது நடக்காது. ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமை வகைகளில் உரிமையாளரைப் பதிய இடமே இல்லை. சோன் போட்டால் அனுமதி இல்லை என்றுதான் வரும். இணைக்கும்போது மவுண்ட் கட்டளையில் 'யூஐடி=1001' என்று கொடுத்தேன். முழுப் பென் டிரைவும் மாமா பெயரில் வந்தது.