லூமன் 16-இன் வானிலை

2025 மார்ச் 4

வேலா விண்மீன் குழு இந்த வாரங்களில் நள்ளிரவையொட்டித் தென்வானில் ஏறி நிற்கிறது. சூரியனிலிருந்து 6.5 ஒளியாண்டு தொலைவில் உள்ள லூமன் 16 என்னும், ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பொருள்களின் இணை அத்திசையில்தான் இருக்கிறது. ஆயினும் அதன் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பாக வெளிப்படுவதால் வெறுங்கண்ணுக்கு அகப்படாது. ஆல்ஃபா சென்டாரிக்கும் பர்னார்டு விண்மீனுக்கும் அடுத்தபடி மிக அருகில் உள்ள இந்த அமைப்பை, நாசாவின் அகச்சிவப்பு விண்கலமான வைஸின் படங்களில் அது இடம்பெயர்வதைக் கவனித்து, வானியலாளர் கெவின் லூமன் 2013-இல்தான் அறிவித்தார்.

மார்ச் 6

இவ்விரண்டும் பழுப்புக் குறுமீன்கள். வியாழனைப்போல் ஏறத்தாழ 13 முதல் 75 மடங்கு நிறை கொண்ட இத்தகையவற்றின் மையம், ஹைட்ரஜனைத் தொடர்ந்து எரிக்கும் அளவுக்குச் சூடேறுவதில்லை. இப்படியும் பொருள்கள் இருக்க வேண்டும் என்று இந்தியாவில் பிறந்த ஷிவ் எஸ். குமார் 1960-களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டுக் காட்டினார். ஐயத்திற்கு இடமற்ற சான்று 1995-இல் கிடைத்தது.

மார்ச் 9

மின்னலும் சிவப்புச் சுழல்களுமாக ஓவியர்கள் தீட்டும் படங்களைவிட, இணையில் ஒன்றான லூமன் 16பி-க்கு இயன் கிராஸ்ஃபீல்டு குழுவினர் 2014-இல் வெளியிட்ட மங்கலான வரைபடமே என்னைக் கவர்கிறது. எந்தத் தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒன்றின் முகில்களை அவர்கள் நிறமாலையிலிருந்தே, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பட்டையிலிருந்தே, படித்தெடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் ஒருமுறை சுழலும் அக்கோளத்தின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருவதால் அங்கிருந்து வரும் ஒளி நீலப் பக்கமும், விலகிச்செல்லும் மறுவிளிம்பின் ஒளி சிவப்புப் பக்கமும் சற்றே நகர்கிறது; இருண்ட திட்டு ஒன்று முகப்பைக் கடக்கும்போது, நிறமாலைக் கோட்டில் (ஒரு வாயு குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவதால் விழும் இருண்ட கோடு) அது உண்டாக்கும் சிறு நெளிவு நீலத்திலிருந்து சிவப்புக்கு ஊர்ந்துசெல்கிறது. சிலியிலுள்ள ‘மிகப்பெரும் தொலைநோக்கி’ (விஎல்டி) என்னும் பெயருடைய கருவியைக் கொண்டு கார்பன் மோனாக்சைடின் கோடுகளில் இந்த நெளிவுகளைத் தொடர்ந்து அளந்துதான் வரைபடம் உருவானது.

அந்தத் திட்டுகள் நீர்மேகங்கள் அல்ல. ஆவியாக இருந்த இரும்பும் சிலிக்கேட்டுகளும், மேலே வெப்பம் தணியும் அடுக்குகளில் துளிகளாகவும் துகள்களாகவும் ஒடுங்குகின்றன. குறுமீன் மேலும் ஆறும்போது இந்த முகில்கள் நம் பார்வை எட்டும் ஆழத்திற்குக் கீழே அமிழ்கின்றன. 16பி சரியாக அந்த மாற்றக் கட்டத்தில் இருப்பதாலோ என்னவோ, அதன் ஒளி சில மணி நேரத்திலேயே பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்குகிறது.

மார்ச் 15

காற்றின் வேகத்தை அளந்தது வேறொரு குறுமீனில். சிம்மத் திசையில் உள்ள அதன் ரேடியோ அலைகள் உட்புறத்தோடு பிணைந்த காந்தப்புலத்தின் சுழற்சியையும், அகச்சிவப்பு ஒளி முகில்களின் சுழற்சியையும் காட்டின. கேட்லின் ஆலர்ஸ் குழுவினர் 2020-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, முகில்கள் ஒவ்வொரு சுற்றையும் சுமார் ஒரு நிமிடம் முன்னதாகவே முடிப்பது தெரிந்தது. நொடிக்கு ஏறத்தாழ 650 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி வீசும் காற்று அது. பிழை வரம்பு பெரிதுதான், ஆனால் வியாழனின் முகில்களில் வீசும் காற்று அதற்கு அருகில்கூட வராது.