அமரம் கவனம்

எங்கள் ஊரில் படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன். கடலுக்குப் போகும் குடும்பம் இல்லை, அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். ஆனாலும் ஒழுங்கையால் இறங்கினால் கடற்கரை. அந்தச் சொற்கள் சின்ன வயதிலேயே வாயில் ஒட்டிவிட்டன. இங்கிலாந்துக் கால்வாயில் ஓடும் என்னுடைய படகிலும் அவற்றைத்தான் சொல்கிறேன். லொக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்டு, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகிற தொட்டி. அதற்குள் இறங்கும்போது "அப்பா, அமரம் கவனம்!" என்று மகள் கத்துவாள். கரையில் நிற்பவர்களுக்கு விளங்காது. எனக்கு உடனே விளங்கும்.

இந்த வருடம் மட்டும் மூன்று தமிழ்க் குடும்பங்கள் போன் எடுத்து, "அண்ணை, நாங்களும் ஒரு போட் வாங்கலாமோ?" என்று கேட்டன. வாங்குங்கள் என்றுதான் மூன்று பேருக்கும் சொன்னேன். கூடவே, படகைப் பார்க்க முதல் அதைக் கட்டப்போகிற இடத்தையும் பக்கத்தில் கட்டியிருப்பவர்களையும் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னேன். 2022 டிசம்பருக்கு முன்னர் கேட்டிருந்தால் இந்த இரண்டாவது வசனத்தை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்களுடையது 45 அடி நாரோபோட், ஒடுங்கிய கால்வாய்ப் படகு. அகலம் 6 அடி 10 அங்குலம். பல பழைய கால்வாய்களின் லொக்குகள் 7 அடி அகலத்தில் கட்டப்பட்டதால் படகுகளும் அந்த ஒடுக்கத்தில் வந்தன. 2018இல் பாவித்த படகாக வாங்கினோம். லண்டனையும் பேர்மிங்காமையும் இணைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாயில், ஸ்டோக் புரூர்னுக்கும் கொஸ்குரோவுக்கும் இடையில், ஒரு பண்ணையின் ஓரமாகக் கட்டியிருக்கிறோம். அந்த வரிசையில் பதினொரு படகுகள். வேலி இல்லை, காவலாளி இல்லை. ஒரு தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி, நிறைய வாத்து. மில்டன் கீன்ஸில் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம்.

அந்த டிசம்பர் முதல் கிழமை ரொறன்ரோவில் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். நான்கு கிழமைக்குப் போகிறோம் என்பதால் குளிருக்கான வேலைகளை வடிவாகச் செய்தேன். நல்ல தண்ணீர்த் தாங்கியின் பம்பை நிறுத்தி, குழாய்களில் நின்ற தண்ணீரை எல்லாம் வடியவிட்டு, எல்லாப் பைப்பையும் திறந்தபடி விட்டேன். உறைந்தால் தண்ணீர் விரிந்து இணைப்புகளை வெடிக்க வைக்கும், அதனால் இது எல்லோரும் செய்ய வேண்டிய வேலை. குளிரூட்டும் நீரில் அன்ரிபிறீஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். காஸ் பூட்டினேன். போகும் வழியில், ஏதோ ஒரு யோசனையில், பக்கத்துப் பச்சைப் படகுக்காரரிடம் ஒரு திறப்பையும் போன் இலக்கத்தையும் கொடுத்தேன். அவர் எழுபது தாண்டியவர், மனைவியோடு வருடம் முழுக்கப் படகிலேயே இருக்கிறார். அதுவரை அவரோடு காலநிலையைப் பற்றி மட்டும்தான் கதைத்திருப்பேன்.

டிசம்பர் 29. ரொறன்ரோ ஸ்காபரோவில் விடிய ஐந்து மணி, இங்கிலாந்தில் பத்து. போனில் ஒரு படம் வந்தது. எங்கள் படகின் இரும்புப் பக்கத்தில் நீர்மட்டம் நிற்கிற இடத்தில் ஒரு பச்சைப் பாசிக் கோடு உண்டு. அணியத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் அமரத்துக்குக் கிட்ட அந்தக் கோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. தண்ணீருக்கு மேலே எட்டு அங்குலத்தில் இருக்கும் புகைக்குழாய் வாய், ஐந்து அங்குலத்துக்கு வந்திருந்தது. படத்துக்குக் கீழே, "திறந்து பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

நடந்தது இதுதான். இஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் தண்டு படகின் பின்புறத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. தண்டு சுழல வேண்டும், தண்ணீர் உள்ளே வரவும் கூடாது. அதற்காக அந்தத் துளையில் கொழுப்பு ஊறிய சதுரக் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி, இரண்டு நட்டுகளால் அமுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பித்தளைக் குப்பி. அதன் தலையைத் திருகினால் கிறீஸ் உள்ளே போய் இடைவெளியை அடைக்கும். ஓடும்போது இரண்டொரு சொட்டு விழுவது நல்லது, அதுதான் தண்டைக் குளிர வைக்கிறது. கட்டிய பிறகு குப்பியை ஒரு திருகு, இல்லாவிட்டால் இரண்டு திருகு. கை எதிர்ப்பை உணரும், சொட்டு நிற்கும். ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

கடைசியாகக் கட்டிய அன்று மழை. நான் அந்தக் குப்பியைத் திருகவில்லை.

ஒரு வினாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு நான்கு லீற்றருக்கு மேல். நான்கு கிழமைக்கு நூறு லீற்றரைத் தாண்டும். அது மட்டும் என்றால் படகுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அமரத் தட்டின் பலகைகளுக்குக் கீழே மழைத் தண்ணீர் ஓடி வெளியே போக ஒரு வாய்க்கால் உண்டு. அது இலையால் அடைத்திருந்தது. அந்த டிசம்பர் முன்பாதியில் கால்வாயே உறைந்தது. பிறகு உருகி மழை கொட்டியது. அவ்வளவும் இஞ்சின் அறைக்குள். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கத் தானாக ஓட வேண்டிய பில்ஜ் பம்ப் சில நாட்கள் ஓடியிருக்கும். பிறகு பற்றரி தீர்ந்துவிட்டது. கூரையிலிருந்த சூரியத் தகட்டை இலையும் பனியும் மூடிக்கிடந்தன. இங்கே டிசம்பரில் எட்டு மணித்தியாலம்தான் வெளிச்சம், அதிலும் சூரியனைக் காண்பது அரிது. சொட்டு, இலை, பற்றரி. தனித்தனியே ஒன்றும் பெரிய விசயம் இல்லை.

புகைக்குழாய் இருக்கிற உயரத்தில் கழிவுநீர்த் துளைகளும் இருக்கின்றன. அவை நீர்மட்டத்துக்கு வந்துவிட்டால் பிறகு சொட்டுக் கணக்கு இல்லை, கால்வாயே உள்ளே வரும். இந்தக் கால்வாய்கள் நான்கடி ஆழம்தான். படகு முழுதாக மறையாது, கூரை வெளியே தெரியும். ஆனால் உள்ளே இருந்த எல்லாம் போய்விடும். பராமரிப்பில் விட்ட பிழை என்றால் காப்புறுதிக்காரரும் காசு தரத் தயங்குவார்கள்.

அன்றைக்கு மூன்று பேர் இறங்கி வேலை செய்தார்கள். பச்சைப் படகுக்காரர் முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றினார். தண்ணீரின் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. அதை அப்படியே பம்ப் பண்ணினால் கால்வாய்க்குள் எண்ணெய் போகும். அதனால் அவருடைய மனைவி எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்புகளைப் போட்டு, ஊறியதை எடுத்துக் கறுப்புப் பையில் கட்டி, திரும்பவும் போட்டிருக்கிறார். இரண்டு படகு தள்ளி இருக்கும் பெண், மாவட்டத் தாதி, இரவு வேலை முடித்து வந்தவர், நித்திரை கொள்ளாமல் தன்னுடைய ஜெனரேற்றரையும் தண்ணீரில் மூழ்கி ஓடும் பம்பையும் கொண்டுவந்திருக்கிறார். மத்தியானம் அடுத்த படம் வந்தது. பச்சைக் கோடு அமரம் வரை நேராகத் தெரிந்தது. தண்ணீர் கியர்பொக்ஸின் அடியை மட்டும் தொட்டிருந்தது, இஞ்சின் தப்பிவிட்டது.

திரும்பி வந்து காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. பச்சைப் படகுக்காரர் என்னைக் கீழே இறக்கி, குப்பியைத் திருகச் சொல்லி, கை எங்கே எதிர்ப்பை உணர வேண்டும் என்று தன் கையை என் கைக்கு மேல் வைத்துக் காட்டினார். திருகியும் சொட்டு நிற்காவிட்டால் இரண்டு நட்டையும் சரிசமமாகக் கொஞ்சம் இறுக்க வேண்டும், கூட இறுக்கினால் தண்டு சூடாகும், ஓட்டி நிறுத்தியபின் தொட்டுப் பார் என்றார். அடுத்த ஞாயிறு மனைவி அறுபது மட்டன் ரோல் பொரித்தா. பதினொரு படகுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்றைக்குத்தான் எல்லாப் படகுக்குள்ளும் முதல்முறை போனோம். ஐந்து வருடம் அதே வரிசையில் இருந்துவிட்டு.

அதற்குப் பிறகு நான் கவனித்தது, நாரோபோட் மூழ்கிற கதை எதைக் கேட்டாலும் அனேகமாக அமரத்தில்தான் தொடங்குகிறது. ஒன்று இந்தத் தண்டுத் துளை. இன்னொன்று, புரொப்பெல்லருக்கு நேர் மேலே இருக்கும் மூடி. புரொப்பெல்லரில் ஏதும் சுற்றினால் அதைத் திறந்து கைவிட்டு எடுக்கலாம். அப்படி எடுத்துவிட்டு மூடியை இறுக்காமல் இஞ்சினைப் போட்டால், புரொப்பெல்லரே தண்ணீரை அள்ளி உள்ளே கொட்டும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். இஞ்சினை நிறுத்தித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். திரும்பப் பூட்டி, கையால் அசைத்துப் பார்த்து, இஞ்சின் போட்டதும் இன்னொருமுறை பார்க்க வேண்டும்.

இதை நம் ஆட்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் லண்டன் பக்கம் போனபோது சவுத்ஹோலில் படகு திடீரென்று இழுபட்டது. மூடியைத் திறந்து கைவிட்டால் வழுவழு என்று துணி. ஒரு முழுச் சேலை. சரிகைக் கரை தண்டைச் சுற்றி முறுக்கேறி, கம்பி போல இறுகியிருந்தது. பாண் வெட்டும் கத்தியால் ஒன்றரை மணித்தியாலம் அறுத்தேன். பக்கத்தில் இரண்டு தேங்காய் மிதந்துகொண்டிருந்தன. யாரோ பக்தியோடு விட்டவைதான். ஆனால் கால்வாய் ஆறு இல்லை. அது எதையும் கடலுக்குக் கொண்டுபோகாது, போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும். தயவுசெய்து துணியைப் போடாதீர்கள்.

மூன்றாவது லொக். மேலிருந்து கீழே இறங்கும்போது, மேல் கதவுக்கு அடியில் ஒரு கல் திட்டு நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், அமரம் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். பின்னால் நழுவினால், தண்ணீர் இறங்க இறங்க அமரம் திட்டில் குந்திவிடும், அணியம் கீழே போகும். மதகு திறக்கிறவர் ஓட்டுபவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், போனை அல்ல. கை காட்டினால் அந்தக் கணமே கீழ் மதகை மூடி, பிறகு மேல் மதகை மெல்லத் திறந்து நீரை ஏற்ற வேண்டும். என் மகள் கத்துவது இதற்காகத்தான்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து இரும்பின் தடிப்பை அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அடித்தகடு 10 மில்லிமீற்றர், பக்கம் 6, மேல்கூடு 4 என்று கட்டியதாகச் சொல்வார்கள். இன்றைக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிக்குக் கரிப்பூச்சு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ். விறகடுப்பு இருக்கிற படகில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அமுக்கிப் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்தால் செய்து தருவார்கள்.

பச்சைக் கோட்டைக் காணவில்லை என்று சொல்ல வாடகைக்கு ஆள் கிடைக்காது. அதனால் படகு பார்க்கப் போகும் நாளில் கட்டும் இடத்தில் அரை மணித்தியாலம் நில்லுங்கள். நடந்து போகிறவர்கள் தலையசைக்கிறார்களா, தேத்தண்ணி கேட்கிறார்களா, மற்றவரின் தளர்ந்த கயிற்றைக் கேட்காமலே இறுக்கிவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள்.

எங்கள் வரிசையில் இப்போது ஐந்து படகின் திறப்புகள் என்னிடம் இருக்கின்றன. தண்ணீரில் விழுந்தால் மிதக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கோர்க் உருண்டை. புதன்கிழமை எனக்கு விடுமுறை. வரிசை நீளத்துக்கு நடந்து, கயிறு, நீர்மட்டக் கோடு, தட்டு வாய்க்காலில் இலை, சூரியத் தகடு என்று பார்த்துக்கொண்டு போவேன். பம்பின் மிதவையைக் கையால் தூக்கி, பம்ப் ஓடுகிறதா என்று கேட்பேன். குப்பியைத் திருகுவேன். பார்த்ததை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, உரியவருக்கு ஒரு படமும் அனுப்புவேன்.

அடுத்த கிழமை பச்சைப் படகுக்காரர் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போகிறார், மனைவியும் கூட. ஆறு கிழமை படகில் ஆள் இல்லை. நேற்றுப் பின்னேரம் திறப்பைக் கொண்டுவந்து தந்தார். தன் படகின் குப்பி கொஞ்சம் இறுக்கம், இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதைக் காட்டுவதற்காக அந்த முழங்காலோடே என்னைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.