முன் ஷாக் அப்சார்பர் மாற்றப் போய் அலைந்த அலைச்சல்

நேற்று சாயந்திரம்தான் வண்டி கைக்கு வந்தது. கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆனாலும் இதே வேலைக்கு வண்டியை விடப் போகிறவர்கள் சாமான் வாங்கக் கிளம்பும் முன்னால் படித்துவிடட்டும் என்று சூட்டோடு எழுதுகிறேன்.

வண்டி 2013 ஸ்விஃப்ட், 96,000 கிலோமீட்டர் ஓடியது. ஆறு மாதமாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னால் இடது பக்கம் 'டொக்'கென்று ஒரு சத்தம். பள்ளத்தில் விழுந்தால் உடனே நிதானத்துக்கு வராமல் படகு மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடும். அம்மாவுக்கு இடுப்பு வலி வேறு. பின் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. லோயர் ஆர்ம் (வீலை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) போய்விட்டது என்று சொல்லி இரண்டு பக்கமும் மாற்றி 5,200 ரூபாய் வாங்கினார்கள். எங்கள் தெருமுனை வேகத்தடையிலேயே அதே சத்தம். திரும்பப் போய்க் கேட்டால் "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்கிறார்கள்.

அப்புறம் சேலையூர் பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணாவிடம் போனேன். அவர் முதலில் என்னையே டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தது. பிறகு வீலைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பள்ளத்தில் வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரின் உடம்பில் பாதி வரைக்கும் தூசி ஈரத்தில் ஊறி கருப்புப் பசையாக ஒட்டியிருந்தது, தொட்டால் விரலில் ஆயில். உள்ளே இருக்க வேண்டிய ஆயில் வெளியே ஒழுகுகிறது, அதாவது போனது ஷாக்தான். பானட்டை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், வீலைக் கழற்றி இந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்திருந்தால் அந்த 5,200 போயிருக்காது.

வாங்க வேண்டியதை எழுதிக் கொடுத்தார்: முன்னால் இரண்டு ஷாக், ஷாக்கின் உச்சியை வண்டி பாடியில் பிடிக்கும் மேல் மவுண்ட், ஸ்டியரிங் திருப்பும்போது அங்கே சுற்ற உதவும் பேரிங், ஒரேயடியாக அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், தூசி போகாமல் மூடும் பூட், எல்லாம் ஜோடியாக. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு மாதிரி இழுக்கும். மவுண்ட்டும் பேரிங்கும் இப்போதே மாற்றாவிட்டால் நாளைக்கு அதற்காக மறுபடியும் மொத்தமும் கழற்ற வேண்டும், கூலி இரண்டு தடவை.

ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் வண்டி சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போனேன், முக்கால்வாசி கடை பூட்டியிருந்தது. திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டு மறுபடி போய் வாங்கினேன். பெட்டியில் ஒன்று இடது, ஒன்று வலது என்று ஸ்டிக்கர் சரியாக இருந்தது. கடைக்காரர் எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பில் கேட்காமல் வந்தது என் தப்பு.

செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி ஜாக்கியில் ஏறியது, பழைய ஷாக் இரண்டும் இறங்கியது, ஸ்பிரிங்கும் பிரித்தாகிவிட்டது. புதுசை எடுத்து வைத்துப் பார்த்தால் வலது பக்கத்துக்கு பிரேக் ஹோஸ் மாட்டும் கிளிப் எதிர்ப் பக்கம் நிற்கிறது. இரண்டு பெட்டிக்குள்ளும் இடது பக்க ஷாக்!

எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, எழும்பூரில் இறங்கி ஆட்டோவில் கடைக்குப் போனேன். "பிரிச்ச பெட்டிய எடுக்க மாட்டோம், பில் எங்க?" என்றார். நீங்களே மாற்றி எடுத்து வந்திருப்பீர்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை வேறு. பணம் அனுப்பிய மெசேஜைக் காட்டினேன், அசையவில்லை. ஒரு மணி நேரம் நின்றேன். கடைசியில், "இதே ஷாக்குக்கு ரேக்கில் இருக்கும் இடது பெட்டியெல்லாம் பிரித்துக் காட்டுங்கள், எல்லாமே சரியாக இருந்தால் நான் போய்விடுகிறேன்" என்றேன். கடைப் பையன் மூன்றாவது பெட்டியைப் பிரித்ததும் உள்ளே வலது பக்க ஷாக் இருந்தது. என் பெட்டிக்குள் இருக்க வேண்டியது அதுதான். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அப்போதே நின்று ஒழுங்கான பில்லும் போட்டு வாங்கிவிட்டேன், வாரண்டிக்கு அது இல்லாமல் முடியாது.

பழையதைக் கழற்றும் முன்பே புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்து, வண்டியில் இருப்பதன் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

மாட்டுகிற வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அதில் ஒன்று மட்டும் பக்கத்திலேயே நின்று கவனியுங்கள். மேல் நட்டை இறுக்கும்போது ராடும் (ஷாக்குக்குள் ஏறி இறங்கும் கம்பி) கூடவே சுற்றும். சில பேர் அந்தப் பளபளப்பான ராடையே பிளையரால் கவ்விப் பிடிப்பார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அது ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் சீலைக் கிழித்து, புது ஷாக்கும் சீக்கிரமே ஒழுக ஆரம்பித்துவிடும். எங்கள் அண்ணா ராடின் உச்சியில் பிடிப்பதற்கென்றே இருக்கும் இடத்தில் பிடித்து, நட்டை மெஷின் இல்லாமல் கை ஸ்பானராலேயே இறுக்கினார். ஸ்பிரிங் அமுக்குவதை மட்டும் வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம், நழுவினால் ஆளையே அடித்துப் போட்டுவிடும்.

வீல் அலைன்மென்ட் (வீல்கள் சரியான கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது) கட்டாயம், உடனே செய்துவிட்டேன். ராத்திரி அம்மாவை ஏற்றிக்கொண்டு வேளச்சேரி ரோட்டில் ஒரு ரவுண்டு போனேன். சத்தமே இல்லை.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு சனிக்கிழமை போகப் போகிறேன். என் பழைய லோயர் ஆர்ம் இரண்டையும் அன்றைக்கே கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன். அது கையில் இருந்தால் மேசையில் வைத்து, அதிலிருக்கும் ரப்பர் புஷ் எங்கே கிழிந்திருக்கிறது காட்டுங்கள் என்று கேட்டிருப்பேன். இப்போது பில் மட்டும்தான் இருக்கிறது.