பத்திரம் பதிவாகிவிட்டது, அதனால்?

"பத்திரம் பதிவாயிடுச்சு, இனி எவனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று நிலம் வாங்கியவர்கள் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பக்கென்று இருக்கும். பதிவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலத்தைப் பதிவு செய்யாமல் விற்கவே முடியாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது, அந்த 100 ரூபாய் இன்றுவரை மாறவில்லை, ஆக இன்றைய விலைவாசியில் எல்லா நிலமும் அதற்குள் வந்துவிடும். ஆனால் சார்பதிவாளர் போடும் முத்திரை எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை என்பது தெரியாமலேயே ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறோமே, அதுதான் என் கவலை.

சார்பதிவாளர் முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எழுதிக் கொடுப்பவர் நேரில் வருகிறார், அல்லது அவருடைய பவர் ஏஜென்ட் வருகிறார். கையெழுத்து உன்னுடையதுதானா, நீ எழுதிக் கொடுத்தது உண்மைதானா என்று கேட்கிறார்கள். இரண்டு சாட்சிகள் "இவர்தான் அவர்" என்று அடையாளம் காட்டுகிறார்கள். கைரேகை, போட்டோ. முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். "நான் எழுதிக் கொடுக்கவே இல்லை" என்று அவர் மறுத்தால் பதிவுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி பதிவை மறுத்துவிட வேண்டும், ஒப்புக்கொண்டால் பதிவு செய்ய வேண்டும். அரசு நிலம், கோயில் நிலம் மாதிரியானவற்றுக்குத் தமிழ்நாட்டில் 22-ஏ பிரிவு தடை போட்டிருக்கிறது. மற்றபடி, விற்கிறவருக்கு அந்த நிலம் உண்மையிலேயே சொந்தமா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைச் சட்டம் சார்பதிவாளரிடம் கொடுக்கவே இல்லை.

தமிழ்நாடு அரசு அதற்கு ஒரு முயற்சி செய்தது. முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 55-ஏ என்றொரு விதி கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது, காரணம் இதேதான்: எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலை இல்லை. சட்டத்தை அப்படியே படித்தால் தீர்ப்பு சரி. ஆனால் போலிப் பத்திரத்தால் நிலத்தை இழந்து கோர்ட்டுக்கு அலைகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விதி ஏன் வந்தது என்பதும் புரியும். நான் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறேன்.

சரி, அப்படியானால் இந்தப் பதிவு எதற்காக வந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நிலம் விற்றதை நாலு பேர் பார்க்க எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் ரொம்பப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னார் நிலத்துக்கு வடக்கு என்று நான்கு எல்லையும் சொல்லி, விற்றுக் கொடுத்தோம் என்று முடியும். இன்றைக்கு ஒரு கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தை எடுத்துப் பாருங்கள், "வண்டிப் பாதைக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு" என்று அதே நடைதான். அவர்கள் அதைக் கோயில் சுவரில் வெட்டினார்கள், ஊரே வந்து போகிற இடம், யாரும் தனியாக எடுத்துத் திருத்த முடியாது.

ஓலையில் எழுதியதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர், நீ எனக்கு அடிமை என்று உன் பாட்டனார் எழுதிக் கொடுத்தது என ஓலையை நீட்ட, சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட, கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குக் கூட்டிப்போகிறார். சபையார் கேட்பது மூன்றில் ஒன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது அனுபவம், பத்திரம், சாட்சி. கடைசியில் பாட்டனார் கையெழுத்தை அவருடைய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வழக்கு முடிகிறது. நான் இந்தக் கதையைச் சட்டப் பாடமாகவே படிக்கிறேன். மூலம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் எதிராளி கிழிக்கலாம், வைத்திருப்பவர் திருத்தலாம், தேதியைப் பின்னுக்குத் தள்ளி எழுதலாம்.

இந்த இடத்தில்தான் அரசு உள்ளே வருகிறது. 1864-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தோடு பதிவுத் துறை உருவானது. 1866, 1871, 1877 என்று சட்டத்தை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, 1909 ஜனவரி 1 முதல் நடைமுறை. இன்றும் அதுதான். அதன் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பத்திரத்தின் நகல் ஒன்று உங்களுக்கும் எதிராளிக்கும் எட்டாத இடத்தில், தேதி நம்பரோடு கிடக்கும்.

அந்த இடத்தின் பெயர் 1-ஆம் புத்தகம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் எல்லாம் அதில். பதிவை மறுத்தால் அதற்கான காரணம் 2-ஆம் புத்தகத்தில், உயில் 3-ல், சொத்தோடு சம்பந்தமில்லாதவை 4-ல். ஸ்கேனர் வருவதற்கு முன்னால், எழுத்தர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரத்தையும் வரிக்கு வரி கையால் பார்த்து எழுதுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கிறது. முன்பக்கம் "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்று ஓடும் எழுத்து, பின்பக்கம் ஊதா மையில் முத்திரை, எழுதிக் கொடுத்த அம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகை, அடியில் எந்த வருஷம், எத்தனையாம் புத்தகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, என்ன நம்பர் என்ற குறிப்பு. அந்தக் குறிப்பு கையில் இருந்தால் காகிதத்தைக் கரையான் தின்றால்கூடப் பரவாயில்லை, சார்பதிவகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கிவிடலாம்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது 57-ஆம் பிரிவு. 1-ஆம் புத்தகத்தை, கட்டணம் கட்டினால், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். நீங்கள் அந்தச் சொத்துக்குச் சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. உயில் பக்கம் அப்படித் திறந்து கிடக்காது. நிலப் பத்திரம் மட்டும் ஊருக்குச் சொல்லிச் செய்ய வேண்டிய காரியம் என்று அந்தக் காலத்திலேயே முடிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது பலரும் கவனிக்காத ஒரு விஷயம். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோகலாம், 23-ஆம் பிரிவு. பதிவானதும் அது பதிவான நாளிலிருந்து அல்ல, எழுதிய நாளிலிருந்தே செல்லும், 47-ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். ஒருவர் ஜனவரி 5-ல் முதல் ஆளுக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கிறார், அவர் ஏப்ரலில்தான் பதிகிறார். இடையில் பிப்ரவரியில் அதே நிலத்தை இரண்டாவது ஆளுக்கு எழுதி, அன்றைக்கே பதிவும் முடிகிறது. பிப்ரவரியில் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின்மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்ற சான்று, போட்டுப் பார்த்தால் சுத்தமாகத்தான் வரும். ஆனாலும் ஜெயிப்பது முதல் ஆள். அதனால்தான் தாய்ப் பத்திரத்தின், அதாவது விற்கிறவர் கைக்கு நிலம் வந்த பழைய பத்திரத்தின், அசல் எங்கே, நிலம் யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்று இரண்டையும் நேரில் பார்க்கச் சொல்கிறேன். பத்திரத்தை ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்துவிட்டவரால் அசலைக் காட்ட முடியாது. "லோனுக்கு பேங்க்ல இருக்கு", "தொலைஞ்சு போச்சு" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள், விசாரித்துவிட்டு மேலே போங்கள்.

வில்லங்கச் சான்று விஷயத்துக்கும் வருவோம். 1975 முதலான விவரங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்க முடிகிறது, பெரிய வசதி. ஆனால் வில்லங்கம் என்பது நீங்கள் கொடுத்த புல எண்ணில், நீங்கள் கேட்ட காலத்தில், அந்த அலுவலகத்தில் பதிவானவற்றின் பட்டியல், அவ்வளவுதான். பதிவு செய்யாத உயில் அதில் வராது. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோய் மகள்களுக்கும் பங்கு வந்திருந்தால் அதற்கென்று பத்திரம் எதுவும் இருக்காது, ஆகவே அதுவும் வராது. தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு மனையைப் பார்த்தபோது வில்லங்கத்தில் ஒரு பதிவுகூட இல்லை, அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதுதான் நெருடியது, பத்திரம் இருக்கிற நிலத்துக்கு அந்தப் பத்திரமாவது வர வேண்டாமா? பார்த்தால் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதுதான் எல்லோரும் யூ.டி.ஆர். என்பது, புல எண் மாறியிருக்கிறது. பழைய எண்ணைப் போட்டுத் தேடினால் ஒரு அடமானம் நிற்கிறது, தீர்த்த ரசீது இல்லை. கிராமத்தை ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தாலும் இதே கதைதான். பழைய எண், புது எண், உட்பிரிவு, பழைய அலுவலகம், புது அலுவலகம் எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வரி. 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. இவ்வளவு கட்டியும் உரிமைக்கு உத்தரவாதம் கிடையாது என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் முன்கை எடுத்து 1858-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே பத்திரத்தைப் பதிவதோடு நிற்பதில்லை, உரிமையையே பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அரசு பின்னால் நிற்கும். நம்மிடம் ஒரே நிலத்துக்கு இரண்டு துறை. பத்திரம் பதிவுத் துறையில், பட்டா வருவாய்த் துறையில். பத்திரத்தில் ஒரு பெயரும் பட்டாவில் இறந்துபோன தாத்தா பெயரும் இருக்கிற வீடுகள் எத்தனையோ. முழு புல எண்ணும் கைமாறும்போது பதிவோடு சேர்த்துப் பட்டாவும் தானாக மாறுகிற ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது. உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அங்கேதான் மாதக்கணக்கில் இழுக்கிறது. ஆகவே பதிவு முடிந்த கையோடு பட்டா மாறுதல் மனு போயிருக்கிறதா என்று பாருங்கள், அந்த மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் புது வில்லங்கம் ஒன்று போட்டு உங்கள் பத்திரம் சரியான புல எண்ணில், சரியான விஸ்தீரணத்தோடு ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை சரிபாருங்கள். எண் தப்பாக ஏறியிருந்தால் எழுதிக் கொடுத்தவர் உயிரோடும் தொடர்பிலும் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடலாம், இருபது வருஷம் கழித்து அவருடைய வாரிசுகளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.