எங்க ஊர் வத்தை ரேஸும் ட்ரோன் பயலும்

போன திருவிழாவுக்கு ஊருக்கு போயிருந்தேன். தொண்டிக்கு தெக்க கடலோரத்துல தான் எங்க ஊரு, திருவிழான்னா வத்தைன்னு நாங்க சொல்ற நாட்டுப் படகுல பாய்மரப் போட்டி கண்டிப்பா இருக்கும். எங்க சித்தப்பா சின்ன வயசுல இதெல்லாம் போட்டியே இல்ல, பொழப்பு. மீனு கெட்டுப் போறதுக்குள்ள கரை சேரணும், எவன் வத்தை முந்துதோ அவனுக்கு நல்ல வெல. அப்புறம் டீசல் இஞ்சின் வந்துச்சு, பாயெல்லாம் சுருட்டி உள்ள போட்டாச்சு, இப்ப பந்தயத்துக்குன்னே வெளிய எடுக்குறோம். மாட்டுவண்டிப் பந்தயமும் இப்படித்தானே, சுமை தூக்க லாரி வந்தப்புறமும் மாடு ஓடிக்கிட்டு தான் இருக்கு. மெஷின் வந்து வேலைய புடுங்கிக்கிட்டா அந்த வேல விளையாட்டா மாறிடுது போல.

இந்த வருசம் புதுசு என்னன்னா ட்ரோன். பக்கத்து ஊர் பய ஒருத்தன் பறக்க விட்டு யூடியூப்ல லைவ் போட்டான், துபாய் சிங்கப்பூர்ல கெடக்குற நம்ம பசங்க எல்லாம் வேலைய விட்டுட்டு கமெண்ட்ல அடிச்சிக்கிறாங்க. கரையில நின்னா வெறும் பாயி தான் தெரியும், ஆனா போன்ல பாத்தா, படகுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற பலகையில ரெண்டு பேரு முதுகு தண்ணிய தொட தொங்குறது, இன்னொருத்தன் பாதியா வெட்டுன கேன்ல கடத்தண்ணிய மொண்டு மொண்டு பாய் மேல வீசுறது, எல்லாம் பளிச்சுனு தெரியுது. பருத்தித் துணி நனைஞ்சா கண்ணு அடைஞ்சு காத்த விடாம புடிக்கும், அதுக்குத்தான் வீசுறது.

ஒரு வத்தை, திரும்புற எடத்துக்கு அடையாளமா கடல்ல மெதக்க விட்ட போயாவ சுத்தாம உள்ளாலயே திரும்பிருச்சுன்னு சண்டை வந்துச்சு. முன்னெல்லாம் இந்த மாதிரி சண்டைன்னா ரெண்டு வருசம் பேச்சுவார்த்தை இருக்காது. இப்ப தான் வீடியோ இருக்கேன்னு எல்லாரும் ட்ரோன் பயல சுத்தி நின்னுட்டோம், பத்து தடவ ஓட்டிப் பாத்தும் சரியா திரும்புற நேரத்துல பாயி போயாவ மறச்சுக்கிட்டு நிக்குது. சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "வானத்துல இருந்து பாத்தாலும் பாய்க்கு பின்னாடி தெரியாதுடா"ன்னாரு.

எனக்கு ட்ரோன் மேல கோவமே இல்லங்க. கவலை எல்லாம் துணி மேல தான். காசு உள்ள ஒருத்தரு வெளியூர்ல இருந்து ரேஸ் படகுக்கு போடுற செயற்கை இழைத் துணி வரவழைச்சிருந்தாரு, தண்ணியே வீச வேணாம், ஒரு ஆள் கொறையுது, எடையும் கொறையுது. மத்தவன் ஒட்டுப்போட்ட பாயோட பின்னாடி வர்றான். நீச்சல்ல இது ஏற்கனவே நடந்த கூத்து தான், 2009ல ரோம் உலகப் போட்டியில பாலியூரித்தேன்னு ஒரு பிளாஸ்டிக்ல செஞ்ச, வேகம் கூட்டுற டிரெஸ்ஸ மாட்டிக்கிட்டு 43 உலக சாதனை, 2010லேருந்து அந்த டிரெஸ்ஸுக்கு தடை போட்டாங்க. ஒலிம்பிக்ல நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோலயும் பாரிஸ்லயும் ஓட்டுனது தனியாளா போற சின்னப் படகு, அதுல எல்லாருக்கும் ஒரே அச்சுல வார்த்த படகு, ஒரே அளவு பாயி, அப்புறம் யாரு கெட்டிக்காரின்னு பாத்துக்கலாம். ஆனா அதே பாரிஸ்ல 2024ல தான் காத்தாடியில தொங்கிக்கிட்டு பலகையில நின்னு போற போட்டியும் மொத தடவ வந்துச்சு, பலகைக்கு அடியில ரெக்க மாதிரி ஒண்ணு, வேகம் எடுத்தா பலகை தண்ணியவே தொடாது. ராமேஸ்வரம் பக்கம் வெளியூர்க்காரங்க வந்து காத்தாடி விட்டு கடல்ல சறுக்குறாங்கல்ல, அதோட அண்ணன்னு வச்சுக்கங்க.

கமிட்டியில போயி, எல்லாரும் ஒரே துணின்னு ரூல் போடலாமேன்னு கேட்டேன். "வசதி உள்ளவன் போடுறான், ஒனக்கென்னப்பா"ன்னு முடிச்சுட்டாங்க. பரிசுப்பணம் யாரு தர்றாங்கன்னு தெரிஞ்சா இந்த பதில் ஏன்னு புரியும், விடுங்க.

இதெல்லாம் வீட்ல பேசிக்கிட்டு இருக்கும்போது அக்கா மக, ஒன்பதாவது படிக்குறா, "மாமா, நேத்ரா ஓட்டலாம், நான் ஏன் வத்தையில ஏறக்கூடாது?"ன்னுட்டா. எங்க பக்கம் பொம்பளைங்க இடுப்பளவு தண்ணியில நின்னு பாசி எடுப்பாங்க, மீன் ஏலத்துல ஆம்பளைங்க வாய அடைப்பாங்க, ஆனா வத்தையில ஏற மாட்டாங்க, ஏத்தவும் மாட்டாங்க. அக்கா மொறச்சா. நான் வழக்கம் போல போன பாத்துக்கிட்டேன்.

மறுநாள் காலையில சித்தப்பா பாய காய வைக்க கரைக்கு கெளம்புனாரு. அவளும் பின்னாடியே போனா. அவரு ஒண்ணும் சொல்லல, வெட்டுன கேன அவ கையில குடுத்துட்டு, "மொதல்ல தண்ணி வீசப் பழகு, பாதி ஒன் மேலயே ஊத்திக்காம"ன்னாரு.