ஐடிஇயா, சாட்டாவா?

பழைய கணினியின் 80 ஜிபி ஐடிஇ (வன்தட்டைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் பழைய முறை) வன்தட்டு கடகடக்கத் தொடங்கியதால், அதே வகையில் இன்னொன்றை வாங்குவதா, அதற்குப் பின் வந்த சாட்டா இணைப்பு முறைக்கு மாறுவதா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். ஐடிஇயின் உச்ச வேகம் நொடிக்கு 133 எம்பி, முதல் தலைமுறைச் சாட்டாவுக்கு 150 எம்பி. என் தட்டோ 50 எம்பியைக்கூடத் தாண்டியதில்லை என்பதால், வேகத்தை வைத்து முடிவெடுக்க இயலவில்லை. என் மனத்தை மாற்றியது கம்பிதான். காற்றோட்டத்தை மறிக்கும் அகன்ற பட்டைக் கம்பி, சற்று அழுத்தினாலே வளைந்துவிடும் ஊசிகள், ஒரே கம்பியில் முதல் தட்டா (மாஸ்டர்) இரண்டாம் தட்டா (ஸ்லேவ்) என்று குறிக்க ஜம்பர் எனும் சிறு செருகியை இடுக்கியால் பிடுங்கிச் செருகும் வேலை (அது ஒருமுறை மேசைக்கடியில் விழுந்து தொலைந்தே போனது) ஆகிய எதுவும் சாட்டாவின் மெல்லிய 7 முனைக் கம்பியில் இல்லை. தாய்ப்பலகையில் இரண்டு சாட்டா இணைப்புகள் இருந்தும் இத்தனை ஆண்டுகள் கவனிக்காதது என் சோம்பல். விண்டோஸ் எக்ஸ்பியில் சாட்டா தட்டுகளை இயக்கும் ஏஎச்சிஐ முறைக்கான டிரைவர் (இயக்கி மென்பொருள்) இல்லாததால், பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றிய பிறகே நிறுவ முடிந்தது.