நீலகிரியில் இருக்கும் சொந்தங்கள் வீட்டுக்குப் போகிறீர்களா?

வெளிநாட்டில் சொந்தக்காரர் என்றதும் பலருக்குக் கனடாவும் லண்டனும்தான் நினைவுக்கு வரும். இலங்கை மலையகத்தில் நம்ம ஆட்களுக்கு முதல் வெளிநாடு கூடலூரும் கோத்தகிரியும்தான். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்ம ஆட்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, தொடங்கின. சேரம்பாடி, நடுவட்டம், கொளப்பள்ளி, குன்னூர் பக்கமெல்லாம் நம்ம பெரியப்பா, சின்னம்மா வீடுகள் இருப்பது அதனால்தான்.

எப்போது போவது என்பதை மழையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். நீலகிரி ஒரே மாவட்டம்தான், மழை இரண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கொட்டும். அது நம்ம ஹட்டன் மழை மாதிரி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒக்டோபர், நவம்பரில் கொட்டும். அது நம்ம பதுளை மழை மாதிரி. தீபாவளிக்குக் கோத்தகிரி போகலாம் என்று நினைப்பவர்கள் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து நடுவழியில் நிற்கவும் தயாராகத்தான் போகவேண்டும். ஜனவரி, பெப்ரவரி இரண்டு பக்கத்துக்கும் நல்லது. ஆனால் குளிரும்: ஹட்டன் 1,270 மீட்டர் அளவு, கோத்தகிரி 1,800, ஊட்டி 2,240. ஊட்டியில் அந்த மாதங்களில் விடிகாலை உறைபனி விழும். நுவரெலியா ஸ்வெட்டர் போதும், காலுறையை மட்டும் மறக்காதீர்கள். மே மாதம் வேண்டாம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மலைப்பாதையிலேயே பாதி நாள் போய்விடும். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீட்டுக்கும் போகாதீர்கள். அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது பேப்பர் வேலை. விசாப் படிவத்தில் இந்தியாவில் தங்கும் முகவரியும் அங்கே ஒருவரின் பெயர், தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். "மாமா, சேரம்பாடி தோட்டம்" என்று எழுதினால் போதாது. வீட்டு எண், டிவிஷன், தபால், தாலுக்கா, 643 என்று தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் எழுத்துப்பிழை வராது. நம்மில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல். விசாவுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். தந்தை பெயரைத் தூக்கி முன்னால் வைக்காதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது வெளிநாட்டு விருந்தாளியைப் பதியும் படிவம், முன்பு 'சி' படிவம் என்றது. வெளிநாட்டவர் யார் தங்கினாலும், சொந்தக்காரர் வீடாகவே இருந்தாலும், வந்து 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதை இணையத்தில் பதியவேண்டும். அண்ணன் மகன்தான், தமிழ்தான் பேசுகிறான் என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது, பாஸ்போர்ட் இலங்கையுடையது. பதியாவிட்டால் விசாரணை வருவது உங்களுக்கு மட்டுமல்ல, நீங்கள் திரும்பிய பிறகும் அங்கேயே இருக்கும் மாமாவுக்கும்தான். நீங்கள் புறப்படும் முன்பே அந்த வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை ஒன்றைப் பிடித்து, குடிவரவுத் தளத்தில் வீட்டுக்காரர் கணக்கைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட், விசா பக்கங்களைப் படமெடுத்துக் கொடுத்தால் வேலை முடியும். டான்டீ வீடு என்றால் தோட்ட ஆபீசிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

பயணத்துக்கு, சென்னையில் இறங்குபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் சுகம். இரவு ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், அரச பஸ். டிக்கெட் 60 நாளுக்கு முன் திறக்கும், பொங்கல் சமயத்தில் உடனே தீர்ந்துவிடும். திருச்சியில் இறங்கினால் கோயம்புத்தூர் வரை பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். வாடகைக் காரில் மலையேறினால் 2024 மே முதல் அந்த வாகனத்துக்கு இ-பாஸ் வேண்டும். டிரைவர் எடுத்துவிட்டாரா என்று அடிவாரத்துக்கு வரும் முன்பே கேளுங்கள். பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், ஸ்டீல் போத்தல் கொண்டுபோங்கள்.

வீட்டுக்குள் வருவோம். நேரம் ஒன்றுதான், மின்சாரமும் அதே 230 வோல்ட்தான். ஆனால் நம்ம சதுர முள் சார்ஜர் அங்கே உருண்டைத் துளையில் நுழையாது. ஒரு அடாப்டர் இங்கேயே வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டு காம்பரா வீடு. தண்ணீர் தினமும் வராத இடங்கள் உண்டு; குளிப்பதற்கு முன் டிரம்மைப் பாருங்கள். கேஸ் 14.2 கிலோ சிலிண்டர். அவர்கள் கணக்குப் போட்டு ஓட்டுவதை நான்கு விருந்தாளி வெந்நீர் போட்டே முடித்துவிடலாம், அடுத்தது புக் பண்ணியதும் வந்துவிடாது. விறகடுப்பில் வெந்நீர் போடச் சொல்லுங்கள். கையில் பணம் நீட்டினால் வாங்கமாட்டார்கள். கடைக்குப் போய் அரிசி, எண்ணெய், பருப்பு வாங்கிவந்து வைத்துவிடுங்கள், அதற்கு மறுப்பில்லை.

தேயிலை விளையும் ஊருக்கே தேயிலை கொண்டுபோவதா என்று யோசிக்கவேண்டாம். அங்கே ஃபெக்டரிகளில் பெரும்பாலும் சி.டி.சி., குருணை மாதிரி. நம்ம திம்புள்ள பக்கத்து பி.ஓ.பி.எஃப்., அதாவது பொடியாக உடைந்த இலைத் தேயிலை, அரைக் கிலோ கொண்டுபோனால், இங்கே பிறந்த பாட்டிமார் பாக்கெட்டை மோந்து பார்த்தே தோட்டம் சொல்வார்கள். ஆனால் ஊற்றுவது நீங்களாக இருக்கவேண்டும். அவர்கள் பாலோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள், சி.டி.சி.க்கு அது சரி, நம்ம இலையை அப்படிக் கொதிக்க வைத்தால் கசந்து வாசம் போய்விடும். ஒரு கோப்பைக்கு 2 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. கொதித்த உடனே ஊற்றி, மூடி, நான்கு நிமிடம், வடி. பால் வேண்டுமானால் பிறகு.

ரொட்டி சுட்டுக் கொடுங்கள், ஆசையாகச் சாப்பிடுவார்கள். கடையில் "கோதுமை மா" என்று கேட்டால் ஆட்டாதான் தருவார்கள், ரொட்டி வறட்டிபோல் ஆகும். மைதா கேளுங்கள். அரைக் கிலோ மைதாவுக்குப் பெரிய தேங்காயில் ஒரு மூடித் துருவல், இரண்டு பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு. துருவலையும் உப்பையும் மாவில் முதலில் பிசிறிய பின் தண்ணீர் தெளியுங்கள். தேங்காயே ஈரம் விடும், 200 மில்லியைத் தாண்டும் முன் கையால் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் மூடி வைக்காமல் தட்டினால் ஓரம் வெடிக்கும். கனமான தோசைக்கல், மிதமான நெருப்பு; தணல் கூடினால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

ஊட்டி, தொட்டபெட்டா என்று சுற்ற ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் வீட்டு முற்றத்தில் உட்காருங்கள். ஒன்று மட்டும்: நம்ம தோட்டங்களில் சிறுத்தை பழக்கம், யானையும் காட்டுமாடும் பழக்கமில்லை. பந்தலூர் பக்கம் யானை, கோத்தகிரி பக்கம் கரடியும் காட்டுமாடும் லயத்துக்கே வரும். விடியும் முன் தனியாக நடைக்குக் கிளம்பவேண்டாம். காட்டுமாடு பசுபோல் அசையாமல் நிற்கும். படமெடுக்கக் கிட்டப் போவது முட்டாள்தனம்.

போகும் முன் அவர்களிடம் கேட்கவேண்டியது: இங்கிருந்து பிறப்புச் சான்றிதழ் பிரதி வேண்டுமா? இலங்கையில் பிறந்த பெரியவர்கள் பலருக்கு அது கையில் இல்லை. பிறந்த திகதி, தாய் தந்தை பெயர், தோட்டம், டிவிஷன் தெரிந்தால் பதிவான பகுதிப் பிரதேச செயலகத்தில் தேடி எடுக்கலாம். பழைய குடும்பப் படங்களையும் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

திரும்பும்போது அத்தை ரோஜாக் கிளையும் அவரை விதையும் ஈரத்துணியில் சுற்றித் தருவார். வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் செடி, விதை கொண்டுவரக்கூடாது, கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டால் போய்விடும். தேயிலைக் கன்று என்றால் நினைக்கவே வேண்டாம். ஒரு நோய் ஒட்டிவந்தால் தோட்டம் முழுக்கப் பரவும். அந்த ஊர் வர்க்கி பிஸ்கட் கேளுங்கள், இரண்டு பாக்கெட்டாக.